லுணுகலை ஏற்றத்தில் கொதித்த கார்

எங்கள் கார் 1993ஆம் ஆண்டுத் தயாரிப்பான டொயோட்டா கொரோலா. ஊரில் எல்லோரும் ‘கொரோலா நூறு’ என்று சொல்லும் ஏஈ100 வகையைச் சேர்ந்தது. 1498 சிசி கொள்ளளவுள்ள 5ஏ-எஃப்இ எஞ்சின். அப்பா அரச சேவையிலிருந்து ஓய்வு பெற்றபோது கையில் கிடைத்த பணத்தில் பாதியைக் கொடுத்து அதை வாங்கினார். மட்டக்களப்பின் கல்லடியில் இருக்கும் எங்கள் வீட்டு வளவுக்குள் அது முதன்முதலாக நுழைந்த நாளில் அம்மா தேங்காய் உடைத்ததும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பின்னிருக்கையில் ஏறி இறங்கியதும் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்படும் வரை, இந்த நாட்டில் பழைய கார் வைத்திருந்த ஒவ்வொருவரும் அதைக் கண்ணைப் போலக் காக்க வேண்டியிருந்தது. நாங்களும் அப்படித்தான் காத்தோம். அப்படிக் காத்த வண்டி, ஒரு சிறிய பாகத்தைப் புதிதாக மாற்றிய பிறகே கெட்டுப்போகும் நிலைக்கு வந்தது. அது ஏன் நிகழ்ந்தது என்பதை முழுமையாக எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். ஏனென்றால் அதே காரணத்தால் இந்த மாவட்டத்தில் இன்றும் பல எஞ்சின்கள் அழிந்துகொண்டிருக்கின்றன என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2023ஆம் ஆண்டின் கச்சான் காலம் அது. கச்சான் வீசும் நாட்களில் மட்டக்களப்பின் வெயில் எப்படியிருக்கும் என்பதை இங்கே வாழ்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மேற்கிலிருந்து வரும் அந்த வறண்ட காற்று பகல் முழுவதும் உடம்பின் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஒரு காலையில் காரை வெளியே எடுத்தபோது, அது நின்ற இடத்து மணலில் உள்ளங்கை அளவுக்கு ஈரம் தெரிந்தது. எஞ்சினின் பெல்ட் ஓடும் பக்கத்தில், எஞ்சினைக் குளிர்விக்கும் நீரைச் சுழற்றும் வோட்டர் பம்பின் அடியிலிருந்து நீர் சொட்டியிருந்தது. பம்பின் உடலில் ஒரு சிறு துளை இருக்கும். அது பழுதினால் உண்டானதன்று; உள்ளே இருக்கும் சீல் தேய்ந்துவிட்டது என்பதை வெளியே காட்டுவதற்காகவே செய்பவர்கள் விட்டுவைக்கும் துளை. அந்தத் துளையால் நீர் வந்தால் பம்பை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. நான் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிப்பவள்; கல்லடியிலிருந்து களுவாஞ்சிகுடிக்கு ஏறக்குறைய 30 கிலோமீற்றர் நாளாந்தம் ஓட வேண்டும். எனவே தாமதிக்காமல், அப்பாவுக்குப் பழக்கமான ஒரு கராஜில் காரை விட்டோம். மாலைக்குள் புதிய பம்ப் பூட்டப்பட்டது. கழற்றிய பழைய சாமான்களை ஒரு ஷொப்பிங் பையில் போட்டு டிக்கியில் வைத்துத் தந்தார்கள். அந்தப் பையை நான் திறந்து பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் காத்தான்குடிப் பிரதான வீதியில், வாகனங்கள் நெருங்கி நின்ற மாலை நேரத்தில், சூடு காட்டும் முள் முக்கால் அளவுக்கு ஏறியது. ஏறிய வேகத்திலேயே திடீரென்று கீழே விழுந்தது. அது தணிந்துவிட்டது என்று நான் ஆறுதலடைந்தபோது, அருகில் இருந்த அப்பா, “ஓரமா நிப்பாட்டு மகள்” என்று அமைதியாகச் சொன்னார். முள் மெதுவாகத் தணிவது வேறு, கல் விழுவது போல் விழுவது வேறு என்பது அவருடைய அனுபவம். அதன் காரணத்தைப் பின்னர் யோசித்துப் பார்த்தேன். வெப்பத்தை உணரும் உறுப்பு நீரில் மூழ்கியிருக்கும் வரைதான் நீரின் வெப்பநிலையைச் சரியாகச் சொல்லும். அதைச் சுற்றிக் காற்றோ நீராவியோ சூழ்ந்தால், எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும்போதும் அது குறைவாகவே காட்டக்கூடும். முள்ளை மட்டும் நம்பி அன்று தொடர்ந்து ஓட்டியிருந்தால் கல்லடிக்கு வந்து சேர்ந்திருக்க மாட்டோம்.

அன்று நடந்தது காற்றடைப்பு. பம்பை மாற்றும்போது நீர் முழுவதும் வடிந்துவிடும். மீண்டும் நிரப்பும்போது எஞ்சினுக்குள் இருக்கும் காற்று முழுவதும் வெளியேறாமல் மேடான இடங்களில் தங்கிவிட்டால், அந்த இடத்தில் நீரோட்டம் அறுபடும். இந்த எஞ்சின் ஐந்து லீற்றருக்கு மேல் கொள்ளும். கராஜில் ஊற்றியது மூன்றரை லீற்றர்தான் என்பதைக் காலிப் போத்தல்களைக் கொண்டே கணக்கிட முடிந்தது. குறைந்த அளவு எங்கே போனது என்று அன்றே கேட்டிருக்க வேண்டும்.

காற்றை வெளியேற்றுவதற்குக் காரின் மூக்கு உயர்ந்திருக்க வேண்டும், சுடுநீரை ஆற்றும் ரேடியேற்றரின் வாய் எல்லாவற்றிலும் மேலே இருக்க வேண்டும் என்பது விதி. மட்டக்களப்பு நகரில் மேட்டுக்கு எங்கே போவது? கண்ணுக்கெட்டிய தூரம் வரை வாவியும் மணலும்தான். 2011 ஜனவரி வெள்ளத்திற்குப் பிறகு மண் போட்டு உயர்த்திய எங்கள் வளவின் வாசலில் ஒரு கொங்கிரீட் சாய்வு இருக்கிறது. அதில் முன்சக்கரங்களை ஏற்றி நிறுத்தினேன். எஞ்சின் முழுவதும் குளிர்ந்திருக்கும் அதிகாலையில் மூடியைத் திறந்து, நீரை மெதுவாக நிரப்பி, எஞ்சினை இயக்கி, காருக்குள் இருக்கும் ஹீற்றரின் பிடியை முழுச் சூட்டுக்குத் தள்ளினேன். ஹீற்றரை நம் ஊரில் யாரும் பாவிப்பதில்லை. ஆனாலும் அதன் குழாய்களும் இந்த நீரோட்டத்தின் ஒரு பகுதிதான். பிடியைத் திறக்காவிட்டால் அங்கே அடைந்திருக்கும் காற்று அங்கேயே கிடக்கும். முதலில் ஹீற்றரிலிருந்து குளிர்ந்த காற்றே வந்தது. மேல் ஹோஸைக் கையால் பிழிந்து பிழிந்து விட்டபோது ரேடியேற்றர் வாயில் பெரிய குமிழிகள் எழுந்தன, நீர்மட்டம் இறங்கியது, மீண்டும் ஊற்றினேன். இப்படி முக்கால் மணித்தியாலம் சென்ற பிறகு, கச்சான் வெயில் ஏறிக்கொண்டிருந்த அந்தக் காலையில், காருக்குள்ளிருந்து அனல் வீசத் தொடங்கியது. அதற்குப் பிறகு ஒன்றரை லீற்றருக்குச் சற்று அதிகமாகவே நீர் உள்ளே போயிருந்தது.

அதன் பின் இரண்டு வாரம் எந்தக் குறையும் தெரியவில்லை. உண்மையில் முள் முன்பைவிடக் கீழேயே நின்றது. வழமையாக கல்லடியிலிருந்து புறப்பட்டு நாவற்குடாவைத் தாண்டும்போது நடுவை நெருங்கிவிடும் முள், இப்போது ஆரையம்பதியைத் தாண்டியும் ஏறாமல் இருந்தது. புதிய பம்ப் நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்து மகிழ்ந்தேன். பெற்றோல் சற்று அதிகமாகக் குடிப்பது போலவும் தோன்றியது. அதை வெயில் காலத்துக் குளிரூட்டியின் (ஏசி) கணக்கில் எழுதிவிட்டேன். எனக்கு முன்னால் இரண்டு தடயங்கள் வெளிப்படையாகக் கிடந்தும் இரண்டையும் நான் தவறாக வாசித்தேன் என்பது இன்றுவரை என்னை உறுத்துகிறது. எஞ்சின் தன் உரிய வெப்பத்தை அடையாமல் இருப்பது நன்மையன்று. அது குளிர்ந்திருப்பதாக உணரும் வரை அதன் கணினி கூடுதல் பெற்றோலைத் தெளித்துக்கொண்டே இருக்கும்.

தங்கை பதுளையில் பணியாற்றுகிறாள். ஒரு விடுமுறைக்கு அப்பாவையும் அழைத்துக்கொண்டு அவளிடம் புறப்பட்டோம். செங்கலடியில் தொடங்கும் ஏ5 வீதி கரடியனாறு, புல்லுமலை, மகாஓயா வழியாகப் பிபிலை வரை பெரும்பாலும் இலகுவான ஓட்டம். மகாஓயா வெந்நீரூற்றுகளின் அறிவிப்புப் பலகையைக் கடந்தபோதும் முள் பாதிக்குக் கீழேதான் இருந்தது. பிபிலையைத் தாண்டி லுணுகலையை நோக்கி வீதி ஏறத் தொடங்கியதும் நிலைமை மாறியது. இரண்டாம் கியரில், முன்னால் சென்ற லொறிக்குப் பின்னால் ஏறிக்கொண்டிருந்தபோது முள் நிதானமாக, ஆனால் ஒரு கணமும் தயங்காமல் மேலே போனது. குளிரூட்டியை அணைத்தேன், ஹீற்றரைத் திறந்தேன், அது சிறிது நேரத்துக்கு ஆறுதல் தந்தது. தேயிலைச் சரிவுகள் தொடங்கும் ஒரு வளைவில், பொனற்றின் விளிம்பிலிருந்து வெண்ணிற ஆவி எழுந்தது.

இந்த இடத்தில் ஒன்றை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். கொதிக்கும் ரேடியேற்றரின் மூடியைத் திறப்பதைப் போல ஆபத்தான செயல் வேறில்லை. அந்த மூடி வெறும் மூடி அன்று, ஒரு வால்வு. இவ்வகைக் கார்களில் அது ஏறக்குறைய 0.9 பார் அளவு மேலதிக அழுத்தத்தை உள்ளே தாங்கி நிற்கும். அந்த அழுத்தத்தில் தூய நீரின் கொதிநிலை 100 பாகையிலிருந்து சுமார் 118 பாகை செல்சியசுக்கு உயர்கிறது. மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் இறங்கிவிடும். 110 பாகையில் அமைதியாக இருந்த நீர் அந்த நொடியிலேயே கொதித்து முகத்தை நோக்கிப் பாயும். அப்பா என் கையைப் பிடித்து, “மூடியத் தொடாத” என்று மட்டும் சொன்னார். எஞ்சினை நிறுத்திவிட்டு ஒரு மணித்தியாலம் வீதியோரத்தில் இருந்தோம். மேலே இருந்த தோட்டக் குடியிருப்பிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்து, நாங்கள் கேட்பதற்கு முன்பே, ஐந்து லீற்றர் பிளாஸ்ரிக் கேன் ஒன்றில் நீர் கொண்டுவந்து தந்தார். “கேன வெச்சிக்கங்க டீச்சர், போற வழியில தேவப்படும்” என்றார். நான் டீச்சர் என்பதை எப்படி அறிந்தாரோ தெரியவில்லை. முகத்தில் எழுதியிருந்திருக்க வேண்டும். எஞ்சின் ஆறிய பிறகு, அதை இயக்கியபடியே சிறிது சிறிதாக நீரை ஊற்றினேன். சூடாக இருக்கும் எஞ்சினின் அலுமினியத் தலையில் குளிர்ந்த நீரை ஒரேயடியாக ஊற்றினால் அது வளைந்துவிடும் அபாயம் உண்டு. பயணத்தைத் தொடராமல் திரும்பி, இறக்கத்தில் மெதுவாக வந்து, இரவில் கல்லடியை அடைந்தோம்.

அடுத்த நாள் தொடக்கம் ஆலோசனைகள் வந்தன. எஞ்சினின் தலைக்கும் புளொக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கஸ்கட் எரிந்துவிட்டது என்றார் ஒருவர். ரேடியேற்றரை மாற்ற வேண்டும் என்றார் இன்னொருவர். எஞ்சினையே ரீகண்டிசன் எஞ்சின் ஒன்றால் மாற்றிவிடுவது மலிவு என்று சொன்னவரும் உண்டு. எல்லோரும் அன்பினால்தான் சொன்னார்கள். ஆனால் எதையும் அளந்து பார்க்காமல் சொன்னார்கள். நான் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வதை எனக்கே சொல்லிக்கொண்டேன்: ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் சோதிக்க வேண்டும்.

ஹெட் கஸ்கட்டைப் பற்றிய பயமே பெரிதாக இருந்ததால் அதை முதலில் பார்த்தேன். எண்ணெய் அளக்கும் கம்பியிலும் எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறத்திலும் பால் தேநீர் நிறத்தில் கலங்கல் எதுவும் இல்லை. குளிர்ந்த எஞ்சினை மூடி திறந்த நிலையில் இயக்கியபோது தொடர்ச்சியாகக் குமிழிகள் வரவில்லை. மூடியைப் பூட்டி இயக்கி, ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸை அமுக்கிப் பார்த்தேன். கஸ்கட் விட்டிருந்தால் எஞ்சினுக்குள் எரிந்த வாயு நீருக்குள் புகுந்து, நீர் சூடாவதற்கு முன்பே ஹோஸ் கல்லைப் போல இறுகிவிடும். அது மென்மையாகவே இருந்தது. காத்தான்குடியில் அப்பா சொன்ன நேரத்தில் எஞ்சினை நிறுத்தியதற்கு நன்றி சொன்னேன்.

விசிறியைச் சோதிப்பது இந்தக் காரில் மிக எளிது. வெப்ப உணரியின் வயரைக் கழற்றினால் விசிறி ஓட வேண்டும். வயர் அறுந்தாலும் எஞ்சின் வேகக்கூடாது என்பதற்காக அக்காலத்து டொயோட்டா பொறியியலாளர்கள் செய்த நல்ல ஏற்பாடு அது. கழற்றினேன், விசிறி முழு வேகத்தில் சுழன்றது. பெல்ட்டின் இறுக்கமும் சரியாக இருந்தது. இந்த எஞ்சினில் வோட்டர் பம்பைச் சுழற்றுவது வெளியே தெரியும் பெல்ட்தான். அது தளர்ந்தால் பம்பும் வழுக்கும்.

ரேடியேற்றரைக் கழற்றிக் காத்தான்குடியில் நீண்டகாலமாக ரேடியேற்றர் வேலை செய்யும் ஒரு பெரியவரிடம் கொண்டு போனேன். காக்கா என்றுதான் ஊரில் எல்லோரும் அவரை அழைப்பார்கள். அவர் கீழ் வாயை அடைத்து, நீரை நிரப்பி, அடைப்பைத் திடீரென்று எடுத்து, எத்தனை விரைவாக வடிகிறது என்று பார்த்தார். பிறகு ஈரமான ரேடியேற்றரின் முகத்தில் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தார். மூடியையும் பம்பு போன்ற ஒரு கருவியில் பூட்டி அழுத்தம் ஏற்றிக் காட்டினார். கடைசியில், “டீச்சர், இதில ஒரு பிழையும் இல்ல. நான் கழுவித் தாறன் எண்டு சொல்லிக் காசு வாங்கலாம். ஆனா உங்கட நோய் வேற எங்கயோ கிடக்கு” என்றார். சோதித்ததற்கும் காசு வாங்க மறுத்துவிட்டார். அந்த நேர்மைக்கு நான் பெரிதும் கடன்பட்டிருக்கிறேன். ஏனென்றால் அன்று அவர் கழுவித் தந்திருந்தால், ரேடியேற்றர் சரியாகிவிட்டது என்ற நினைப்பில் மறுபடியும் மலையேறியிருப்பேன்.

இனி எஞ்சியிருந்தது புதிய பம்ப்தான். அது போலிச் சாமானாக இருக்கலாம், உள்ளிருக்கும் சக்கரத்தின் இதழ்கள் குட்டையாக இருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது. பழையதோடு ஒப்பிடலாம் என்ற எண்ணத்தில்தான் டிக்கியில் கிடந்த ஷொப்பிங் பையை முதன்முறையாகத் திறந்தேன். உள்ளே பழைய பம்பும், கிழிந்த கஸ்கட்டும், அவற்றுக்கு அடியில் பித்தளை நிறத்தில், உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில் இன்னொரு பொருளும் இருந்தன. அதன் விளிம்பில் 82 என்று பொறிக்கப்பட்டிருந்தது. அது எங்கள் காரின் தேர்மோஸ்டாட், சூட்டுக்கேற்ப நீரின் வழியைத் திறந்து மூடும் வால்வு.

கராஜுக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். மறைக்கும் எண்ணம் அவர்களுக்கு இருக்கவில்லை. “இது சூட்டு நாடு டீச்சர். தேர்மோஸ்டாட் குளிர் நாட்டுச் சாமான். இஞ்ச வாற வண்டி எல்லாத்திலயும் நாங்க கழட்டித்தான் விடுறது” என்று, செய்த நன்மையைச் சொல்வது போலவே சொன்னார்கள்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதை நியாயமாகப் பார்க்க வேண்டும். பல பழைய எஞ்சின்களில் தேர்மோஸ்டாட், சூடான நீர் வெளியேறும் மேல்வாயில், ஒரு சாதாரணக் கதவைப் போல இருந்தது. அது துருப்பிடித்து மூடிய நிலையில் இறுகிவிட்டால் எஞ்சின் கொதிக்கும். அதைக் கழற்றி எறிந்தால் கொதிப்பது நின்றுவிடும். பாகங்கள் கிடைக்காத போர்க்காலத்தில், ஒரு வண்டியை எப்படியாவது ஓட வைத்தவர்களின் கைகளில் அது சரியான மருத்துவமாகவே இருந்திருக்கும். அந்தக் கைகளிடமிருந்து கற்றவர்கள், எஞ்சினின் அமைப்பு மாறிய பிறகும் அதே மருந்தைக் கொடுத்து வருகிறார்கள். அறிவின்மை என்று இதை நான் சொல்ல மாட்டேன். ஒரு காலத்தில் உண்மையாக இருந்த ஒன்று, அதன் எல்லை சொல்லப்படாமலே கைமாறி வந்திருக்கிறது.

எங்கள் எஞ்சினில் தேர்மோஸ்டாட் இருப்பது மேல்வாயில் அன்று. ரேடியேற்றரில் குளிர்ந்த நீர் எஞ்சினுக்குள் திரும்பி வரும் வாயிலில், பம்புக்கு முன்னால் இருக்கிறது. அங்கே பம்பை வந்தடைவதற்கு நீருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ரேடியேற்றரைச் சுற்றி வரும் நீண்ட வழி. மற்றையது எஞ்சினிலிருந்து ரேடியேற்றருக்குப் போகாமலே நேராகத் திரும்பும் குறுக்குவழி. தேர்மோஸ்டாட்டின் உடலுக்குள் அடைக்கப்பட்டிருக்கும் மெழுகு, ஏறக்குறைய 82 பாகையில் உருகி விரிந்து ஒரு கம்பியைத் தள்ளும். அப்போது மேல்தட்டு நகர்ந்து ரேடியேற்றர் வழியைத் திறக்கிறது. அதே அசைவில் கீழ்த்தட்டு இறங்கிக் குறுக்குவழியை மூடுகிறது. ஒன்று திறக்கும்போது மற்றது மூடும் இந்த இரட்டை வேலையைத்தான் கழற்றி எறிந்தவர்கள் கவனிக்கவில்லை. தேர்மோஸ்டாட் இல்லாதபோது இரண்டு வழிகளும் எப்போதும் திறந்தே கிடக்கும். நீர் எப்போதும் இலகுவான வழியைத்தான் நாடும். ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களுக்குள் நெருக்கி ஓடுவதைவிடக் குறுக்குவழியில் ஓடுவது அதற்கு இலகு. எனவே எஞ்சினிலிருந்து வந்த சுடுநீரில் ஒரு பங்கு, குளிரவே இல்லாமல், சுடுநீராகவே எஞ்சினுக்குள் திரும்பிக்கொண்டிருந்தது.

இப்போது எல்லாத் தடயங்களும் ஒரே வரிசையில் வந்து நின்றன. களுவாஞ்சிகுடிக்குச் சமதரையில் ஓடும்போது எஞ்சினின் சுமை குறைவு. ரேடியேற்றருக்குப் போகும் மீதிப் பங்கு நீரே அந்தச் சூட்டை அகற்றப் போதும்; குளிர்ந்த காலையில் ரேடியேற்றர் வழியை மூடி வைப்பதற்கும் எதுவும் இல்லாததால் முள் ஏறாமலே கிடந்தது. மலையேறும்போது கதை வேறு. பெற்றோலில் இருக்கும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீரின் வழியாகவே வெளியேற வேண்டும் என்று கணக்கிடுவது வழக்கம். இரண்டாம் கியரில் முழுச் சுமையோடு ஏறும் எஞ்சின் பல மடங்கு பெற்றோலை எரிக்கும். அகற்ற வேண்டிய சூடும் அந்த அளவுக்குப் பெருகும். அந்த நேரத்தில் நீர் முழுவதும் ரேடியேற்றரின் வழியே போக வேண்டும். எங்கள் காரில் போகவில்லை. குளிர் நாட்டுக்கான சாமான் என்று எறியப்பட்ட அந்தப் பொருள்தான், மிகச் சூடான நேரத்தில் எஞ்சினைக் காப்பதற்காகக் குறுக்குவழியை மூட வேண்டியிருந்தது.

பழைய தேர்மோஸ்டாட்டையே மீண்டும் பூட்டலாமா என்று சமையலறையில் சோதித்தேன். ஒரு சட்டியில் நீரை வைத்து, தேர்மோஸ்டாட்டை நூலில் கட்டி அடியில் படாமல் தொங்கவிட்டு, பாடசாலை ஆய்வுகூடத்தில் பயன்படுத்தும் வகையான வெப்பமானி ஒன்றை அருகில் பிடித்துக்கொண்டேன். அடியில் படவிட்டால் சட்டியின் சூட்டைத்தான் அளப்போம், நீரின் சூட்டை அன்று. 81, 82 என்று ஏறியபோது தட்டின் விளிம்பில் ஒரு மயிரிழை இடைவெளி தோன்றியது. 95இல் நன்றாகத் திறந்தது. 30 ஆண்டுகளாகச் சோர்வின்றி வேலை செய்த அதை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறியபோது மட்டும் அது முழுவதும் மூடவில்லை. ஒரு பக்கத்தில் துருவின் காரணமாக ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தது. எனவே புதிது வாங்கத் தீர்மானித்தேன்.

இங்கே இன்னொரு பொறி காத்திருந்தது. உள்ளூர்க் கடையில் தந்த புதிய தேர்மோஸ்டாட்டின் விட்டம் சரியாக இருந்தது, 82 என்ற எண்ணும் இருந்தது. ஆனால் கீழ்த்தட்டு இருக்கவில்லை. அதைப் பூட்டினால் கச்சிதமாகப் பொருந்தும், மெழுகும் உருகும், ரேடியேற்றர் வழியும் திறக்கும். குறுக்குவழி மட்டும் மூடாது. பழையதைக் கையில் கொண்டு போயிருக்காவிட்டால் எனக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. கடைக்காரர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, கொழும்பு பஞ்சிகாவத்தையில் சொல்லி எடுப்பித்துத் தருவதாக ஒப்புக்கொண்டார். நான்கு நாளில் சரியானது வந்தது. அதையும் சட்டியில் போட்டுப் பார்த்த பிறகே பூட்டினேன். பூட்டும்போது அதன் விளிம்பில் இருக்கும் சிறு அசையும் ஊசி மேல்பக்கமாக வர வேண்டும். நிரப்பும்போது காற்று வெளியேறுவதற்கான வழி அதுதான். கீழ்ப்பக்கமாகப் பூட்டினால் காத்தான்குடி வீதியில் நடந்தது மீண்டும் நடக்கும்.

நீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பம்பின் சீலைத் தின்றது வயது மட்டும் அன்று என்று நினைக்கிறேன். ஆண்டுக்கணக்காக நாங்கள் வளவுக் கிணற்று நீரைத்தான் ஊற்றி வந்தோம். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கும் கல்லடி போன்ற இடத்தில் பல கிணறுகளின் நீர் சற்று உவரானது. அந்த உப்பு, இரும்பு புளொக்கும் அலுமினியத் தலையும் சேர்ந்திருக்கும் எஞ்சினுக்குள் அரிப்பை விரைவுபடுத்தும். பழைய பம்பின் உட்புறம் செங்கல் நிறத்தில் இருந்தது. நம் நாட்டில் நீர் உறைவதில்லை என்பதால் நீரோடு கலக்கும் கூலன்ட் திரவம் வேண்டாம் என்று சொல்வது, தேர்மோஸ்டாட் வேண்டாம் என்று சொல்வதற்கு உடன்பிறப்பான தவறு. உறையாமல் காப்பது அதன் ஒரு வேலை மட்டுமே. துருவைத் தடுப்பதும், கொதிநிலையை உயர்த்துவதும் மற்ற வேலைகள். கழுவிக் கழுவித் தெளிந்த நீர் வரும் வரை பழையதை வெளியேற்றி, காய்ச்சி வடித்த நீரும் கூலன்டும் சரிபாதியாகக் கலந்து, வாசல் சாய்வில் மூக்கை உயர்த்தி, மறுபடியும் அந்த முக்கால் மணித்தியால வேலையைச் செய்தேன். இம்முறை அப்பா கதிரை போட்டு அருகில் இருந்தார்.

அடுத்த திங்கட்கிழமை நாவற்குடாவிலேயே முள் தன் பழைய இடத்துக்கு வந்தது. நடுவுக்குச் சற்றுக் கீழே நின்றது. களுவாஞ்சிகுடி வரை அசையவில்லை. பெற்றோல் செலவும் பழைய அளவுக்கு இறங்கியது. இருந்தும் மலையில் பார்க்காமல் நான் நம்ப விரும்பவில்லை.

ஒரு மாதம் கழித்து மீண்டும் ஏ5 வீதியில் புறப்பட்டோம். பிபிலையைத் தாண்டிய ஏற்றத்தில் வேண்டுமென்றே குளிரூட்டியை அணைக்காமல் ஓட்டினேன். முள் ஒரு நூலளவு உயர்ந்து, அங்கேயே நின்றது. அந்த வளைவு வந்ததும் காரை ஓரமாக நிறுத்தி, மேலே குடியிருப்புக்கு ஏறிப் போய், கேனைத் திருப்பிக் கொடுத்தேன். கூடவே செங்கலடியில் வாங்கிய எருமைத் தயிர் முட்டி ஒன்றையும் கொடுத்தேன். அவர் கேனை வாங்கிக்கொண்டு, “இப்ப வண்டி சூடாவுதில்லையா?” என்று கேட்டபடி என்னோடு வீதி வரை இறங்கி வந்தார். நான் எஞ்சினை நிறுத்தாமல்தான் போயிருந்தேன். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது பொனற்றுக்குள் விசிறி ஓடத் தொடங்கியது. ஒரு நிமிடம் சுழன்று, தானாகவே நின்றது.